இடையில் நிற்பது

மடிக்கணினித் திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

நொடிக்கு ஒரு முறை மடிக்கணினி, வாசல் பக்கம் மாட்டியிருந்த ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். அது பதில் சொல்ல எத்தனை மில்லிநொடி ஆனது என்பதுதான் அந்த எண். ஒரே வீட்டுக்குள், எட்டுக் காலடி வைத்தால் முடிந்துவிடும் நடைவழிக்கு அந்தப் பக்கம் ரௌட்டர், இந்தப் பக்கம் படுக்கையறை. இதற்கு இவ்வளவு நேரம் ஆக வழியே இல்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து அவள் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் மகள் சிட்டு காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். ஆறு வயதிலேயே சர்க்கரை வியாதி. புஜத்தில் ஒட்டியிருந்த சென்சார் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை அம்மாவின் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் போன் கத்தும். மூன்று நாளாக அது கத்தவில்லை. போனில் புது மென்பொருளை ஏற்றினால்தான் இனி வேலை செய்வேன் என்று சென்சாருக்கான செயலி அடம்பிடித்தது. அப்டேட்டோ பாதி இறங்கும்போதே இணைப்பு அறுந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. சிம் சிக்னல் அந்த வீட்டுக்குள் ஒரு கோடுகூட எட்டவில்லை. மூன்று இரவும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து, தூங்குகிற குழந்தையின் விரலைக் குத்திப் பார்த்தாள்.

பிரிந்து போன கணவனின் போனுக்கும் அந்தச் சர்க்கரை அளவு போகும். மூன்று நாளாக அவனுக்கும் வெற்றுக் கோடுதான். ஒரு போனைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் என் பிள்ளையை விட்டுவைக்க மாட்டேன், நாளைக் காலையில் வந்து அழைத்துப்போகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தான்.

இணைய லைன்காரர் வந்தது இது மூன்றாவது தடவை. வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. ரௌட்டரை மாற்றினார், கேபிளை மாற்றினார், டிவியைப் பிடுங்கிப் போடச் சொன்னார். அப்போதெல்லாம் எண் ஒழுங்காக நான்கிலேயே நின்றது. பிறகு படுக்கையறைக்கு வருகிற வழியில், நடைவழியின் நடுவில் நின்று தன் போனைப் பார்த்தார். மடிக்கணினியில் எண் சட்டென்று அறுபதுக்கு ஏறியது. அவர் நகர்ந்ததும் இறங்கியது.

"பாத்தீங்களா? நடுவுல ஆள் நின்னாலே அடைக்கும். மனுஷ உடம்பு பூரா தண்ணிதானே. வழியில யாரையும் நிக்க விடாதீங்க."

"வீட்ல நானும் குழந்தையும் மட்டும்தான்."

அதெல்லாம் தன் வேலை இல்லை என்பதுபோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கே நடைவழியில் சாம்பல் வெளிச்சம்தான். குடிவந்து இரண்டு வாரம் ஆகியும் போகாத புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில், நாள்பட்ட ஈரத்துணியின் வாடை மெல்லக் கசிந்து, கதவிடுக்கு வழியாகக் கட்டில்வரை வந்து நின்றது. சமையலறையில் குளிர்பெட்டி ஒரு முறை உறுமி அடங்கியது. அப்டேட் நாற்பது சதவீதத்தைத் தாண்டியது. ஐம்பது. அறுபத்தொன்று.

எண் ஏறியது. எண்பது. முந்நூறு. தொள்ளாயிரம்.

அவள் தலை நிமிர்ந்து நடைவழியைப் பார்த்தாள். யாரும் இல்லை. சுவர், தரை, மறுமுனையில் ரௌட்டரின் பச்சைப் புள்ளி.

மடிக்கணினியைத் தூக்கி அறையின் இடது மூலையில் வைத்தாள். நான்கு. மூச்சு விட்டாள். ஏழு வரிகள் நான்காகவே வந்தன. எட்டாவது வரியில் தொள்ளாயிரம்.

வலது மூலைக்கு மாற்றினாள். மூன்று வரிகள். உடனே தொள்ளாயிரம்.

மறுபடி இடது. இம்முறை ஒரு வரிகூட நான்கு வரவில்லை. அவள் போகுமுன்பே அது அங்கே போய்விட்டிருந்தது.

அவளுக்குப் பயத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து அவளைத் தோற்கடிக்கப் பார்ப்பதுபோல, அந்த வெறும் நடைவழியும் வேண்டுமென்றே குறுக்கே நிற்பதுபோல. சிட்டுவை விட்டு நகர மனமில்லாமல் இத்தனை நாளும் போனைப் படுக்கையறையிலேயே வைத்திருந்தாள். இப்போது போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குள் இறங்கினாள். ஐந்தாவது எட்டில் ஈரவாடை முகத்தில் அப்பியது. புடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராக உரசிக்கொண்டு, கடந்துவிட்டாள்.

ரௌட்டருக்குக் கீழே தரையில் உட்கார்ந்து போனை அதை நோக்கித் தூக்கிப் பிடித்தாள். அப்டேட் மடமடவென்று ஓடியது. எழுபது. எண்பத்தைந்து. வாடை குறைந்திருந்தது. தொண்ணூற்றொன்பது. போன் அணைந்து, கறுத்து, மறுபடி உயிர்பெற்றது. முடிந்தது. நாளைக் காலையில் அவன் வந்து நிற்கட்டும், திரையை அவன் முகத்துக்கு நேராக நீட்டுகிறேன் என்று நினைத்தபோது மூன்று நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

பிறகுதான் தோன்றியது. அது ஏன் இங்கே குறுக்கே வரவில்லை?

எழுந்தாள். நடைவழியில் இப்போது வாடையே இல்லை. சுத்தமாக இல்லை.

ஓடினாள்.

சிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகு ஏறி இறங்கியது. போர்வைக்கு வெளியே புஜம். புஜத்தில் வெள்ளைப் பொட்டாகச் சென்சார். செயலியைத் திறந்தாள். சுழன்றது. சுழன்றது. எழுத்துகள் வந்தன: சென்சார் கிடைக்கவில்லை. இடையில் தடை உள்ளது. அருகில் கொண்டு செல்லவும்.

கட்டிலோரம் குனிந்து போனை நீட்டினாள். ஒரு முழம். இடையில் தடை உள்ளது. ஒரு சாண். இடையில் தடை உள்ளது.

ஈரத்துணி வாடை. இங்கே. முழுதாக.

கை அதற்கு மேல் போகவில்லை. எதன் மீதோ பட்டு நின்றது. மெத்தென்று. குளிர்ச்சியாக.

சிட்டு கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் படும்மா. கனமா இருக்க."

அவள் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மெத்தை, தலையணையில் இருந்து கால்வரை, ஒரு பெரிய ஆளின் நீளத்துக்குக் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிட்டுவின் மார்பைச் சுற்றிப் போர்வை மெதுவாக அமுங்கியது, ஒரு கையின் பருமனுக்கு.