நாறாத அறை

மூடியைக் கழற்றியதும் நாற்றம் வரவில்லை. ஜேபஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கப்பலின் வயிறு என்றால் நாற வேண்டாமா? மரக்கப்பலில் தச்சனாகவே வயதைக் கழித்தவன் அவன். தேங்கிய கடல்நீரும் செத்த எலியும் தாரும் ஊறிப்போன ஓக் பலகையும் கலந்து வீசும் வாடையை முகர்ந்தே, எங்கே ஒழுகுகிறது, எங்கே ஆள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிடுவான். அவனுடைய பழைய கப்பல் இப்போது பிளிமத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், பாய்மரங்கள் பிடுங்கப்பட்டு, கரி கொட்டிவைக்கும் கிடங்காகக் கிடந்தது. அவனையும் தம்பி ரூபனையும் இந்தப் புது இரும்புப் போர்க்கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆணி அடிக்க மரமில்லாத கப்பலில் தச்சனுக்கு என்ன வேலை? பெயிண்ட் அடிக்கிற வேலைதான். அடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் காலி அறைகளுக்குள் புகுந்து, துருவைச் சுரண்டி, செஞ்சாயம் பூச வேண்டும். கப்பல் கட்டியபோது மூடி முடுக்கிய இந்த அறையை இன்று காலையில்தான் திறந்தார்கள்.

"மோந்து பாரு அண்ணே. என் பொண்டாட்டி அடுப்படிகூட இவ்வளவு சுத்தமா இருக்காது," என்றான் ரூபன். புது மாப்பிள்ளை. எதற்கெடுத்தாலும் பெண்டாட்டி பேச்சுதான்.

"இருடா. கொஞ்ச நேரம் தெறந்து கெடக்கட்டும்."

"எதுக்கு? வெளிய போறதுக்கு நாத்தமே இல்லியே."

கூட நின்ற பாஸ்கோ சிரித்தான். அவனும் பழைய கப்பல் ஆள். "உங்கண்ணனுக்கு நாத்தம் இல்லாட்டி சாப்பாடு எறங்காதுடா."

ஜேபஸின் மூக்கு சரி என்றது. வயிறு மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றது. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று தம்பியிடம் மெழுகுவத்தியை நீட்டினான்.

ரூபன் அதோடு துளை வழியே இறங்கினான்.

"அண்ணே, வத்தி அணஞ்சிருச்சு."

"காத்தடிக்குதா?"

"காத்தா? இங்கயா?" உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு இருட்டிலேயே சுரண்டத் தொடங்கினான். சரக், சரக். கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்து, தூக்கக் கலக்கத்தில் தலை சொறிகிறவனின் கைபோல விட்டுவிட்டுக் கேட்டு, நின்றுபோயிற்று.

"ரூபா."



ஜேபஸ் யோசிக்கவில்லை, இறங்கிவிட்டான். உள்ளே குனிந்துதான் நகர முடிந்தது. கை வைத்த இடமெல்லாம் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டியது. சுவர் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் ஏதோ மெல்ல மெல்ல நொறுங்கும் சத்தம். அவன் விட்ட மூச்சு முகத்தருகே தங்காமல், யாரோ கூப்பிட்டதுபோல் நேராகச் சுவருக்குப் போனது. சுவரின் துரு, இத்தனை நாளும் அறையின் காற்றைத் தின்று தீர்த்ததுபோல், அதையும் உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே விடவே இல்லை.

தம்பியின் கால் தட்டுப்பட்டது. பிறகு முழங்கால். சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கன்னம் இரும்போடு ஒட்டியிருந்தது. துளை வழியே வந்த துளி வெளிச்சத்தில் கண்கள் திறந்திருந்தன. சிரித்த வாய் மூடவில்லை.

ஜேபஸ் அவனை அக்குளில் கைகொடுத்து இழுக்கப் பார்த்தான்.

கை இழுக்கவில்லை.

மூச்சு முட்டவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, எங்கும் வலிக்கவில்லை. முழங்கால் மட்டும் தானாக மடங்கியது. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். எழ வேண்டும். எழவில்லை. முதுகில் இரும்பு. இதமாக இருந்தது. ஐயோ, இதமாக இருந்தது.

மேலே வட்ட வெளிச்சத்தில் பாஸ்கோவின் தலை தெரிந்தது.

"ஜேபஸு, என்னப்பா ஆச்சு? பய மயங்கிட்டானா?"

வராதே. வாய் திறந்தது. சத்தம் சுவருக்குள் போனது.

"இருப்பா, வாரேன்."

வராதே.

ஒரு பூட்ஸ். இன்னொரு பூட்ஸ். பாஸ்கோ தடவிக்கொண்டே வந்து அவன் தோளைப் பிடித்தான். "என்னடா இங்க வந்து உக்காந்துட்ட?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு மெதுவாக, களைத்துப் போனவன்போல், அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

துளை மறுபடி இருண்டது. இவர்களைத் தேடி அடுத்த ஆளின் கால்கள் இறங்கிக்கொண்டிருந்தன.