பாதியில் வெட்டிய போன்

காலையில் முதலில் எழுந்திருப்பவள் வெர்னாதான். எழுந்திருக்காமல் முடியாது. சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்கி அதன்மேல் மெத்தையைப் போட்டு அவள் படுக்கிறாள். அவள் எழுந்து மெத்தையைச் சுருட்டி மேசையை நிமிர்த்தினால்தான் அந்த வண்டிவீட்டில் மற்றவர்கள் உட்கார்ந்து காபி குடிக்க முடியும். பின்பக்கம் கதவு வைத்த படுக்கையறை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது நாத்தனார் அர்டிஸுக்கு. கணவன் லைல், ஓட்டுநர் சீட்டுக்கு மேலே இருக்கும் பரணில் ஏறிக்கொள்வான்.

மினசோட்டாவில் நல்ல வீடு இருந்தது. ரிடையரானதும் லைலுக்குச் சக்கரத்தின் மேல் வாழ வேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டை விற்றான், வண்டிவீட்டை வாங்கினான், குளிர்காலத்துக்கு அரிசோனா பாலைவனம் என்று கிளம்பிவிட்டான். மகள் கேரின் அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள்தான். வெர்னா தோட்டத்தையும் சர்ச் பாடகர் குழுவையும் விட்டுவிட்டு அவன் பின்னால் வந்தாள். அப்புறம் அர்டிஸின் புருஷன் மெர்ல் இறந்துபோனான். லைல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அக்காவோடு அவளுடைய கிழட்டு பீகிள் நாய் பிங்கோவும் வந்தது. யாரும் கேட்காமலேயே வெர்னா தன் படுக்கையைச் சுருட்டி முன்பக்கம் கொண்டுவந்தாள். பாவி, அதுதான் அவள் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வழக்கமான கூத்து நடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அர்டிஸ் தலைமுடி உலர்த்தும் மெஷினைச் செருகினாள். டக்கென்று எல்லாம் நின்றது.

வெர்னா அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய், வண்டிவீடுகளை வாடகைக்கு நிறுத்துகிற அந்தப் பார்க்கின் கரண்ட் கம்பத்தில் இருக்கும் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தாள். வண்டிவீட்டில் வாழ்கிற எல்லோருக்கும் இது பாலபாடம். அந்தக் கம்பம் கொடுப்பது அளந்து ஊற்றுகிற கரண்ட். ஏசி ஓடும்போது சூடு பண்ணுகிற சாமான் எதையும் போடக்கூடாது. அர்டிஸிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

"எங்க வீட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் ஓடும்," என்றாள் அர்டிஸ். "மெர்ல் போட்ட ஒயரிங். இங்க காபியா ஏசியான்னு சீட்டுக் குலுக்கிப் பாக்கணும் போல."

அன்றைக்கு வெர்னாவின் மனசெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. கேரினுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். அன்று அவனுக்கு ஞானஸ்நானம். பிரசவத்துக்கே வெர்னா போயிருக்க வேண்டியவள்; அர்டிஸின் கண் ஆபரேஷன் குறுக்கே வந்தது, சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். அதற்கு முன்னால் கேரின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்கள் சிக்னலே இல்லாத ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இருந்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் சேதி தெரிந்தது. இந்த முறை கேரின் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "போனை முதல் பெஞ்சுல உனக்குன்னு வெக்கிறேம்மா. அப்பா வேணாம், நீ இருந்தாப் போதும். இதையும் விட்டுட்டேன்னா, இனி நான் கூப்பிடவே மாட்டேன்."

வண்டியில் இருந்த வைஃபை பெட்டியில் நாலு வரிச் செய்தி போகும், முகம் பார்த்துப் பேசினால் திக்கும். நல்ல சிக்னல் வேண்டுமென்றால் துணி துவைக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை மேட்டில் ஏற வேண்டும். பார்க்கில் எல்லோரும் அதைப் போன் மேடு என்பார்கள். பேரன் பேத்தி இருக்கிறவர்கள் மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக அங்கே தவம் கிடப்பார்கள்.

லைல், பாலைவனத்தில் அழகான கற்களைத் தேடிப் பொறுக்கும் சங்கத்தோடு கிளம்பிப் போனான். அர்டிஸ் காதுக்கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுச் சீட்டாடப் பொதுக்கூடத்துக்குப் போனாள். சீட்டு மேசையில் கேட்கிற பேச்சு கேட்காமலிருப்பதே நல்லது என்பாள். வெர்னா பிங்கோவின் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பினாள், திரைகளை இழுத்துவிட்டாள், ஏசியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தாள். குளிர்காலம் போய்விட்டது, வெளியே வெயில் நூறு டிகிரியை எட்டிக்கொண்டிருந்தது. ஏசி நின்றால் அந்தத் தகரப் பெட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். அதற்காகவே சுவரில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். உள்ளே சூடு ஏறினால் அது வெர்னாவின் போனில் அலறும். முதலில் அதற்குள் தனி சிம் இருந்தது. லைல்தான், ஒரே வண்டிக்கு எதற்கு இரண்டு இணைப்பு என்று அதைப் பிடுங்கிவிட்டு வைஃபை பெட்டியோடு சேர்த்துவிட்டான். கரண்ட் போனால் பெட்டியும் செத்துவிடுமே, அப்புறம் இது எப்படிக் கத்தும் என்று வெர்னா கேட்டாள். உனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரித்தான்.

மேட்டில் வெர்னா உட்கார்ந்ததும் சர்ச் தெரிந்தது. கேரின் மெலிந்திருந்தாள். வெள்ளை உடுப்பில் குழந்தை தூங்கியது. வழிபாடு நடக்கிறது என்று அந்தப் பக்கம் போனின் ஒலியை அடைத்து வைத்திருந்தார்கள். இவள் பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் இவள் பேசினால் அங்கே கேட்காது. கேரின் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா வந்துவிட்டாள் என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. வெர்னாவின் கண் நிறைந்துவிட்டது.

போதகர் குழந்தையைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்துத் திரையின் மேல்பக்கம் ஒரு வரி வந்தது. கருவியோடு அரைமணி நேரமாகத் தொடர்பு இல்லை.

சூடு என்று சொல்லவில்லை, ஆபத்து என்று சொல்லவில்லை. கரண்ட் போயிருக்கிறது, கத்த வேண்டியது ஊமையாகிவிட்டது. வைஃபை தானாகவே விட்டுப் போயிருக்கலாம், அதுவும் உண்டு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாமா? போதகரின் கை தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டது. போன கோடையில் வேறொரு பார்க்கில், பூட்டிய வண்டிக்குள்ளிருந்து போர்வையில் சுற்றி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரி அழுத அழுகை காதிலேயே நின்றது.

"கேரின், கண்ணு, மன்னிச்சிரும்மா," என்றாள். அது சர்ச்சில் யாருக்கும் கேட்கவில்லை. அழைப்பை வெட்டிவிட்டுப் பார்க் ஆபீசைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. லைலுக்கு அடித்தாள், அவன் சிக்னல் இல்லாத எங்கேயோ கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். வெர்னா மேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. பிங்கோ குளியலறைத் தரையில் பக்கவாட்டில் கிடந்தது, நாக்கு வெளியே தொங்கியது, கூப்பிட்டால் வால் அசையவில்லை. வாரித் தூக்கிக்கொண்டு துவைக்கும் கட்டடத்துக்குப் போனாள். பாதத்திலும் வயிற்றிலும் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். ஐஸ் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது அவளுக்குத் தெரியும். ஊற்றிக்கொண்டே அதோடு பேசினாள். கடைசியில் அது தலையைத் தூக்கி அவள் மணிக்கட்டை நக்கியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நாயை ஈரத் துண்டில் சுற்றி நிழலில் கிடத்திவிட்டுக் கம்பத்துக்குப் போனாள். பிரேக்கர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டு உள்ளே வந்து ஏசியைப் பார்த்தாள். அப்புறம் மைக்ரோவேவைத் திறந்தாள். உள்ளே அர்டிஸின் உருளைக்கிழங்குக் கேசரோல், ஓரம் வெதுவெதுப்பாக, நடுவில் ஜில்லென்று. சீட்டுக்கு நடுவில் பசித்து வந்திருக்கிறாள். காதுக்கருவி இல்லாததால் ஏசி நின்றது கேட்கவில்லை. சாப்பாடு சூடாகவில்லை என்று சலித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

வெர்னா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

அர்டிஸும் லைலும் வந்தார்கள். ஈரத் துண்டில் நாயைப் பார்த்ததும் அர்டிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெர்ல் எனக்கு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்... இதையும் கொல்லப் பாத்தியா நீ? பேரனைப் பாக்கற அவசரத்துல ஏசியைக் கூடப் போடாம ஓடிட்டியா?"

லைல் மனைவியைப் பார்த்தான். "ஏசியைப் போட்டியா இல்லையா வெர்னா?"

மெர்ல் போன புதிதில் அர்டிஸ் வாரக்கணக்கில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள். வெர்னாதான் ஸ்பூனில் கஞ்சி ஊட்டி எழுப்பினாள். தன் கையாலேயே பிங்கோவைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம் என்று தெரிந்தால் மறுபடி படுத்துவிடுவாள்.

"என் தப்புதான்," என்றாள் வெர்னா. "நான் சரியாப் பாக்கல."

அவ்வளவுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அர்டிஸ் அன்றைக்கு அவள் கையால் சாப்பிடவில்லை. லைல் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கொண்டுவந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்காது என்றாராம். அதையும் வெர்னாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். சாயங்காலம் கேரினிடமிருந்து செய்தி வந்தது. தலையில் தண்ணீர் விழும்போது முதல் பெஞ்சில் திரை கறுத்துப்போனதைச் சர்ச்சே பார்த்தது என்று எழுதியிருந்தாள். அர்டிஸ் சொந்தக்காரர்களிடம் போனில் புலம்பியது காதுக்கு வந்துதான் நாய் விஷயம் தெரிந்ததாம். ஒரு நாய்க்காக என்றால் அந்த நாயோடேயே இரு, இனிக் கூப்பிட வேண்டாம். வெர்னா மேசையை இறக்கி மெத்தையைப் போட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவள் துணி மூட்டையோடு துவைக்கப் போனபோது அர்டிஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கேசரோல் இருந்தது. நேற்று இதை மைக்ரோவேவில் விட்டோமே, இங்கே எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே மறுபடி சூடு பண்ண வைத்தாள்.

டக்.

இன்றைக்கு அவள் காதில் கருவி இருந்தது. ஏசியின் இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது நன்றாகக் கேட்டது. மைக்ரோவேவில் விளக்கு இல்லை. நேற்றும் இப்படித்தான் விளக்கு இல்லாமல் இருந்தது. அர்டிஸ் தட்டைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துவைக்கும் கட்டடத்திலிருந்து திரும்பிய வெர்னா, கம்பத்தருகே நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அர்டிஸைக் கண்டாள். வீட்டுச் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"நேத்தும் நான்தானே?"

வெர்னா பிரேக்கரைத் தூக்கிவிட்டாள்.

"தட்டை எடுத்து உள்ள வெச்சது நீதானே... தெரிஞ்சிருக்கு உனக்கு. ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி சாப்பிடாம படுத்துருவீங்க."

"அதுக்கு? என் பழியை நீ சுமப்பியா? நான் பேசின பேச்சுக்கு என் நாக்குல..." அர்டிஸ் நாயின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். பிறகு நிமிர்ந்து, உன் போனை இங்கே கொடு என்றாள்.

அந்த முட்டிவலிக்காரி அன்றைக்குப் போன் மேட்டில் ஏறினாள். நாயை என்னிடம் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று வெர்னா சொல்லியும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் கூட இதைக் கையைவிட்டு இறக்கமாட்டேன் என்றபடி மூச்சு வாங்க வாங்க ஏறினாள். அம்மாவின் நம்பர் என்றதும் கேரின் எடுக்கவில்லை. அர்டிஸ் மறுபடி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கடைசியில் திரையில் கேரினின் முகம் வந்தது, என்ன வேணும் என்றாள்.

"கேரின், அத்தை பேசறேன். போனை வெச்சுடாதே. நேத்து உங்கம்மா வெட்டல, நான் வெட்டினேன். என் வாய்க்கு ருசியாச் சாப்பிடணும்னு கரண்டை நிறுத்தினது நான். வெந்து சாகக் கிடந்தது என் பிங்கோ. உங்கம்மா உன் பிள்ளை தலையில தண்ணி விழறதைப் பாக்காம ஓடி வந்து இதுக்குத் தண்ணி ஊத்தினா. அப்புறம் நான் கேட்டப்போ, என் தப்புன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. உனக்குக் கோவம் இருந்தா என்னைத் திட்டு. அவளைத் திட்டினா அந்தக் கடவுளுக்கே அடுக்காது."

அர்டிஸ் போனை வெர்னாவின் கையில் திணித்தாள். திரையில் கேரின் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்காவது சொல்லியிருக்கலாம்லம்மா. எப்பப் பாரு எல்லாத்தையும் விழுங்கிக்கிட்டு... நீ விழுங்கறது எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு நான் வேணாம்னுதானே நான் நெனைப்பேன்?"

வெர்னாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தான் பொறுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தே இத்தனை காலம் ஓட்டியிருந்தாள். மகளுக்கு அது என்னவாகப் பட்டது என்று யோசித்ததே இல்லை.

"தப்புதான் கண்ணு," என்றாள். இந்த முறை அது தன் தப்பு என்று தெரிந்தே சொன்னாள். "எனக்கு உன்னைப் பாக்கணும். பிள்ளையைத் தூக்கணும். வரட்டுமா?"

"கேக்கணுமாம்மா?" என்றாள் கேரின்.

இவர்கள் கீழே வந்தபோது லைல் வாசலில் நின்றிருந்தான். அர்டிஸ் நடந்ததைச் சொல்லி, கருவியின் சிம்மைப் பிடுங்கிய புண்ணியவான் நீதானே என்று தம்பியையும் நாலு வாங்கு வாங்கினாள். லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகலாம், எல்லோருமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்றான்.

"வண்டி வேணாம்," என்றாள் வெர்னா. "நான் நாளைக்கு விமானத்துல போறேன். தனியா."

"நீ போயிட்டா இங்க யாரு..." என்று ஆரம்பித்தான்.

"நாங்க ரெண்டு கழுதைங்க இருக்கோம்டா, பாத்துக்கலாம்," என்றாள் அர்டிஸ். "அவ போகட்டும்."

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்தது. அர்டிஸ் நாயை லைலிடம் கொடுத்துவிட்டு, வெர்னாவை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. லைல் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். கேரின் என்னோடு பேசுவாளா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியல லைல். அதை நீதான் அவளைக் கேக்கணும்," என்றாள் வெர்னா. "இனிமே உனக்காக நான் கேக்கமாட்டேன்."

வேன் கிளம்பியது. பார்க் வாசலைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். லைல் நாயை அக்கா கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பாறை மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.