பழைய ரோட்டுக்கு ஒரு துண்டு குப்பூஸ்

வளைகுடாப் பாலைவனத்தில், ருவைஸ் நகருக்கு மேற்கே, மணல் பாதி விழுங்கிவிட்ட பழைய ரோட்டோரம் உடையப்பன் பிக்கப்பை நிறுத்தினார். பக்கத்து சீட்டில் டெக்லன், அயர்லாந்துக்கார சர்வே இன்ஜினியர். இருவருக்கும் பொதுப் பேச்சு அரைகுறை இந்திதான்.

டெக்லன் ஒரு துண்டு குப்பூஸ் ரொட்டியை நீட்டினார்.

"தரையில போட்டுடு. எங்க ஊர்ப் பஞ்சத்துல கஞ்சிக்காகக் கல்லுடைச்சு ரோடு போட்டாங்க. போட்ட இடத்துலயே விழுந்து செத்தாங்க; இப்ப அங்க புல்லு மொளச்சுக் கெடக்கு. அங்க எதுவும் போடாம மிதிச்சா அவங்க பசி நம்மளப் புடிச்சுக்கும்."

"உங்க ஊர்ப் பேய்க்கு இங்க விசா யாரு குடுத்தா சார்?"

"பசியில எல்லா ஊர் ரோட்டுலயும் ஆளுங்க செத்திருக்காங்க. போடு."

உடையப்பன் இறங்கினார். தின்கிற பண்டத்தைத் தரையில் எறிய அவருக்குக் கை வரவில்லை. சிந்திய பருக்கையைப் பொறுக்கித் தின்று வளர்ந்த உடம்பு. வெள்ளைக்காரன் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? வண்டிக்குப் பின்னால் போய் வாயில் போட்டுக்கொண்டார்.

"போட்டியா?"

"போட்டேன் சார்."

டெக்லன் ரோட்டில் கால் வைத்தார்.

காற்று நின்றது.

சுட்டெரிக்கும் மணலிலிருந்து நனைந்த புல் வாடை கிளம்பியது.

டெக்லன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். மணலை அள்ளி வாயில் திணித்தார்.

"பசிக்குது... போட்டேன்னு சொன்னியே, உடையப்பன்."

உடையப்பன் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடிவந்து சோற்றை ஊட்டினார். தொண்டையில் இறங்கவில்லை. மிச்சத்தை ரோட்டில் கொட்டினார்.

"தின்னுங்க! தப்பு என்னுது. அவர விட்டுடுங்க!"

ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் அடங்கிவிட்டது. காலையில் தொப்பையோடு வண்டி ஏறிய மனுஷன், கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரியக் கிடந்தார். வெயில் தாக்கியதாகச் சொன்னார்கள். உடையப்பன் தலையை ஆட்டினார். மறுத்திருக்க வேண்டும்.

பொழுது சாய, கேம்ப் மெஸ்ஸில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்தார். சோறு போடும் விமல் தட்டை வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"என்னண்ணே, ஒரு கூட்டத்தையே கூட்டியாந்திருக்கீங்க? புது ஆளுங்களா? எலும்பும் தோலுமா நிக்கிறாங்களே, உக்காரச் சொல்லுங்க."

உடையப்பன் திரும்பவில்லை. பிடரியில் பல மூச்சுகள் பட்டன.

தட்டை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்.

"மொதல்ல அவங்களுக்குப் போடு."