மதிலோரப் பாத்தி

காலையில் எழுந்ததும் நாச்சிமுத்து காபி போடவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிச் செடிகளைப் பார்த்தார். நந்தியாவட்டை நிமிர்ந்து நின்றது. இட்லிப்பூ கொத்துக்கொத்தாகச் சிவந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. இன்றைக்கும் யாரும் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

பொள்ளாச்சியில் அப்போது ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் உணர்புதர் நட்டாக வேண்டும் என்பது சட்டம். தனியே செத்துப்போய், நாள்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தவர்கள் பெருகியதால் வந்த சட்டம் அது. வேரில் பொருத்திய சென்சார், அருகில் இருப்பவரின் குரலையும் மூச்சையும் வைத்து மனத்தைக் கண்டுபிடிக்கும். மனம் வாடினால் செடி வாடும். உடனே நலக்குழுத் தலைவி செண்பகவடிவு, தேநீரும் கும்மிப்பாட்டுமாக வந்து இறங்கிவிடுவார். மூன்றாம் முறை வாடினால் ஆளைக் கூட்டுக்குடியிருப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

மனைவி ருக்குமணி இறந்த பிறகு நாச்சிமுத்துவின் செடிகள் இரண்டு முறை வாடிவிட்டன. கும்மியைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அவளோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் போவதென்றால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஆகவே மனிதர் ஒரு தகிடுதத்தம் செய்தார். பக்கத்து வீட்டில் மதிவாணன், பிரதிபா என்ற புதுமண ஜோடி. சாயங்காலமானால் அங்கே ஒரே சிரிப்புச் சத்தம். இவர் வீட்டைச் சுற்றி நின்ற அரளிக்குத் தோல் தடிமன். சொந்த வீட்டுக்காரர் கத்தினால்தான் அதற்கு உறைக்கும். இட்லிப்பூவோ அக்கம்பக்கத்துச் சங்கதிக்குக் காது நீட்டும் ரகம். அரளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பொது மதிலை ஒட்டி வளைவாகப் பாத்தி கட்டினார். பின்வரிசையில் நந்தியாவட்டை, முன்னால் இட்லிப்பூ, ஓரத்தில் நிறத்துக்குக் குரோட்டன்ஸ். குட்டையை நெட்டை மறைக்கிறதா என்று எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தியில்லாமல் பெயர்த்து மறுபடி நடுவார். "நீ கொஞ்சம் தள்ளிக்கோ சாமி, அவளுக்கு வெயில் வேண்டாமா?" என்று செடிகளுக்குள் பஞ்சாயத்தும் நடக்கும். மூன்றே மாதத்தில் பாத்தி பூத்துக் குலுங்கியது. இரவல் சந்தோஷம்தான், இருக்கட்டுமே.

அன்று சாயங்காலம் மதிலோரம் வைக்க அடர்த்தியான செம்பருத்தி ஒன்றை வாங்கிவந்து குழி வெட்டினார். மதிலுக்கு மேலே பிரதிபாவின் தலை முளைத்தது.

"ஐயா, அதை மட்டும் நட்டுராதீங்க. எல்லாத்தையும் அதே இழுத்துக்கும்."

"எதை?"

"உங்க சந்தோஷத்தைத்தானுங்க."

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டு உணர்புதர் அத்தனையும் தொட்டி தொட்டியாக வரிசையில் நின்று, அவர் பக்கமாகச் சாய்ந்து பூத்திருந்தன.

"மூணு மாசமா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லீங்க," என்றாள். "செடி வாடுச்சுன்னா நலக்குழு எங்க ரெண்டு பேரோட அப்பா அம்மாவுக்கும் சொல்லிப்போடும். அதான் இங்க கொண்டாந்து வெச்சோம்."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"டிவிங்க. நாங்க பேசிக்காதது வெளிய தெரியாம இருக்கறதுக்கு வெக்கறது."

"அப்பறம் என்ற செடி யாரப் பாத்துப் பூத்துச்சு?"

"டிவிக்கு மூச்சு ஏதுங்க? உங்களப் பாத்துத்தானுங்க."

"வாய மூடு புள்ள!" நாச்சிமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டார். "ருக்கு போயி ரெண்டு வருசந்தான் ஆச்சு. எனக்கென்ன சந்தோசம் வேண்டிக்கெடக்கு?"

அவ்வளவு கத்தியும் ஓர் இலைகூடத் தொங்கவில்லை. பாத்தி விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அழுதபோதும் இட்லிப்பூ சிவப்பாகவே நின்றது. இறந்தவளுக்குத் துரோகம் செய்து கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு அடியில், சொல்லக் கூசும்படி, மனம் லேசாக இருந்தது.

பிரதிபா போகாமல் நின்றாள். "அந்தச் செம்பருத்திய வாசப்பக்கம் வெச்சா நல்லாருக்குமுங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேர்க்கட்டு கனமா இருக்குது. உன்ற ஊட்டுக்காரனக் கூப்புடு."

"நாங்க பேசறதில்லைங்களே, எப்படிக் கூப்புட?"

ருக்குமணி போனதிலிருந்து ஒரு மனிதரையும் வா என்று அழைக்காத நாச்சிமுத்து, மதிலைப் பிடித்து எக்கி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "ஏப்பா மதிவாணா! கொஞ்சம் இங்க வா!"