முந்தைய நிலைக்குத் திரும்புகிறது

நாற்காலி சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது நடந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை நாற்காலி அப்படித்தான் கிடக்கும். அவர் போன மறுவாரமே அவள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். ஏழு மாதமாக அது அங்கேயே இருந்தது. நாம்தான் ஞாபகமில்லாமல் இழுத்திருப்போம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் மேசை முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எழுத்து: முந்தைய நிலைக்குத் திரும்புகிறது. 19%. அணைக்க வேண்டாம்.

மதியம் மூன்று மணிதான். ஆனாலும் மேகம் கவிந்து, அறை சாயங்காலம் போல இருண்டு கிடந்தது.

கம்ப்யூட்டரும் அவருடையதுதான். அந்த வீட்டில் எதுதான் அவருடையது இல்லை? என் வீடு, என் சாவி, என் பொண்ணு என்றுதான் அவர் வாயில் வரும். அதது அதது இடத்தில் இருக்க வேண்டும், ஒரு விரல்கடை நகர்ந்தாலும் பொறுக்காது. ஆபீஸில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் நிஜமாகவே ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது. அது எதற்கு என்பது ஆபீஸுக்குத் தெரியாது, அவளுடைய முதுகுக்குத் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் குட்டியின் குரல் இருந்தது. ஆறு வயதில் காய்ச்சலில் போன மகள். கண்ணாமூச்சி ஆடும்போது போனில் தற்செயலாகப் பதிவான பதினெட்டு விநாடி. அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, போனிலிருந்து அழித்துவிட்டார். மனசு வந்தால் எப்போதாவது போட்டுக் காட்டுவார். பாஸ்வேர்டு அடிக்குமுன் "திரும்பிக்கோ" என்பார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஒற்றை விரலால் எட்டுத் தட்டு, பிறகு ஓங்கி ஒரு தட்டு. ஒரு தரம் கேட்கவிட்டு "போதும்" என்று அணைத்துவிடுவார். பெற்றவளுக்குப் பிச்சை போடுவது போல.

போன வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. காலையில் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க சிஸ்டர்," என்றார் அவர். "சிஸ்டம்தான் கெட்டுப்போயிருக்கு, ஃபைலெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். ரெண்டு ஆப்ஷன் காட்டும். 'என் கோப்புகளை வைத்துக்கொள்'னு இருக்கறதை அழுத்துங்க. தப்பித்தவறிகூட 'அனைத்தையும் நீக்கு'வைத் தொட்டுடாதீங்க."

"பாஸ்வேர்டு தெரியாதேண்ணா."

"அதை நாளைக்கு நான் வந்து பாத்துக்கறேன். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் நடுவுல பிளக்கைப் பிடுங்கிடாதீங்க. அப்புறம் ஒரு ஃபைல்கூட மிஞ்சாது."

'என்' என்று தொடங்கிய அந்த வரியை அவள் அழுத்தினாள். இந்த வீட்டில் அந்தச் சொல் அவள் கைக்கு வந்தது அன்றுதான். அதிலேயே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

34%.

தலைக்குத் தடவும் எண்ணெயின் வாசனை வந்தது. அவருடைய தலையணை, சீப்பு, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் அவள் என்றைக்கோ தூக்கிப் போட்டிருந்தாள். எழுந்து சன்னலைத் திறந்தாள். வெளியே மழை வாசனை, உள்ளே எண்ணெய் வாசனை, இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் அதைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிடுவார். அவள் சரியாக்கி வைத்திருந்தாள். இப்போது அது பத்து நிமிடம் முன்னால் ஓடியது.

52%.

வாசலில் அவருடைய செருப்பு. பழைய சாமான்காரரிடம் அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்த செருப்பு. நனைந்திருந்தது. இரண்டும் கோடு போட்டது போல நேராக, வீட்டுக்குள் பார்த்து இருந்தன. கதவின் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

71%.

ஆணியில் சாவிக்கொத்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நிறுத்திடலாமா?"

"ஐயையோ, கையே வைக்காதீங்க! எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"எழுபத்தொண்ணு. அண்ணா, இங்க எல்லாம்... எல்லாம் பழையபடி ஆகுது."

"ஆகட்டுமே சிஸ்டர். அதுக்குத்தானே இவ்வளவு பாடு!" சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

83%.

படுக்கையறையில் இருமல். வறண்ட, இரட்டை இருமல்.

அவள் கை பிளக்குக்குப் போனது. பிடித்தும்விட்டாள். 'என்' என்றால் யாருடைய 'என்' என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டிக்கு அவளைத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்த 'நான்' ஒருவர்தான்.

பிடுங்கினால் இது நின்றுவிடும்.

பிடுங்கினால் குட்டியும் போய்விடுவாள்.

ஒரு தடவை பறிகொடுத்தது போதும். அவள் கையை எடுத்துவிட்டாள். செத்த பிறகும் அந்த மனுஷன் கையில்தானா பிள்ளையின் குரல்?

91%. படுக்கையறைக் கதவு.

97%. செருப்பில்லாத காலடி. அவசரமே இல்லை.

100%.

திரை வெளுத்தது. பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் வந்தது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ உட்கார்ந்து எழுந்துகொண்டது போல. எண்ணெய் வாசனை காதருகே வந்தது.

"திரும்பிக்கோ."

திரும்பினாள். அவரைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. பதினோரு வருஷம் சொன்னதைச் செய்த பழக்கம். உடம்பு அவளைக் கேட்கவில்லை.

எட்டுத் தட்டு. ஓங்கி ஒரு தட்டு.

"அம்மா! கண்ணை மூடிக்கோ! பத்து எண்ணிட்டுத்தான் தேடி வரணும், சரியா?"

குட்டி. என் குட்டி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரிப்பு, ஓடும் கால், கதவு சாத்தும் சத்தம். பதினெட்டு விநாடி முடிந்தது. 'போதும்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

குரல்தான் வந்தது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. மேசைக்கு அடியிலிருந்து, ரகசியமாக.

"அம்மா, திரும்பிடாத. அப்பா இன்னும் ஒளியல. உன் பின்னாடிதான் நிக்கறார்."

சில்லென்று ஓர் இரும்பு விளிம்பு அவள் பிடரியில் வந்து பதிந்தது. நேராக, கோடு போட வைத்தது போல.

மேசைக்கு அடியிலிருந்து மறுபடியும், "எண்ணும்மா."

அவள் சுவரில் நெற்றியை வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.