முப்பத்தொன்பது என்று சொன்னவள்

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஏழாம் மாடிக் கூட்ட அறையில், நாற்பத்தொரு பேரிடம் இன்றோடு வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டது. அவர்களில் முப்பத்தாறு பேர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள்.

பதினொன்றரைக்கு அவள் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தாள். அடையாள அட்டையை வாயிலுக்கு வெளியே உள்ள மேசையில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அட்டைகளை அதற்குள் முடக்கிவிட்டிருந்தார்கள். நான்கு முறை தேய்த்தாள். தடுப்புக் கதவு அசையவில்லை. காவலர் யாருக்கோ போன் செய்யப் போனார்.

கண்ணாடிக்கு அப்பால் மழை... பக்கத்தில் இன்னொரு அட்டை தேய்க்கும் சத்தம். திரும்பினாள்.

சாயம் போடாத நரைத்த தலையோடு ஒருவர். கையில் கோடு போட்ட ஒரு நோட்டு. களைத்த கண்கள்... ஆனாலும் அவை சிரித்துக்கொண்டிருந்தன.

"போங்கன்னு சொல்லிட்டு கதவ மட்டும் பூட்டிட்டாங்க பாருங்க," என்றார்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு. அடுத்த கேள்வி அதைக் கெடுத்தது.

"தப்பா நினைக்காதீங்க மேடம்... உங்க வயசு என்ன?"

"முன்னப்பின்ன தெரியாத பொம்பளகிட்ட முதல் கேள்வியே இதானா?"

"இன்னிக்கு எல்லார்கிட்டயும் இதான் கேக்கறேன். ஒம்பது பேர் சொன்னாங்க. நாலு பேர் திட்டினாங்க."

"அஞ்சாவதா என்னையும் சேத்துக்கோங்க," என்றவள், என்ன நினைத்தாளோ, "முப்பத்தொம்பது," என்றாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. இருபத்திரண்டு வருடமாகத் தரவுத்தளங்களைக் கட்டிக் காத்தவள். மூன்று வாரத்துக்கொரு முறை தலைக்குச் சாயம், மீட்டிங்கில் பழைய கதை பேசாமல் இருப்பது என்று ஆறு வருடமாக வயதை மறைத்தே பழகியவள். வேலை போன அன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர் பேனா ஒரு கணம் நின்றது. "சரிங்க மேடம்," என்றார். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றாள். போன் நம்பர் கேட்டார். கொடுத்தாள். ஏன் கொடுத்தேன் என்று வீடு போய்ச் சேரும்வரை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கதவு திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் விவரம் சொன்னார். நீக்கியவர்களின் வயதை நிறுவனம் சொல்லாது. ஆளுக்கு ஆள் கேட்டுச் சேர்த்தால்தான் தெரியும். வேண்டுமென்றே வயதானவர்களைக் கழித்தார்கள் என்று காட்ட முடிந்தால், தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் இழப்பீட்டுப் பணத்துக்காகக் கையில் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அதன்பின் புகார் செய்ய முடியாது. மனுவுக்குக் கெடு இருபத்தொரு நாள்.

வீட்டில் தங்கை இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள். வேலை போன அன்று சிரிக்கிற ஆளை நம்பலாமா? யார் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிறுவனமே அனுப்பிய ஆளாக இருந்தால்? "நீ கையெழுத்து போட்டுட்டு அடுத்த வேலையப் பாருக்கா. நோட்டுக்காரர் நோட்டுல உன் பேரு எதுக்கு?"

நோட்டுக்காரர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த இரண்டு வாரத்தில் அவரை நான்கு முறை எதிர்ச்சாரி காபிக் கடையில் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது கண்டுபிடிக்கத்தான் போனாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தது ஏன்? வெளியே போய்ப் பேசியது யாரிடம்? கண்டுபிடித்தது வேறு. மனைவி இறந்து எட்டு வருடம். மகள் வேறு ஊரில். அந்த அழைப்பு அவளுடையதுதான். காபியில் சர்க்கரை போட்டுவிட்டுக் கலக்கவே மறந்துவிடுவார்... அவளே ஒருநாள் கலக்கிக் கொடுத்தாள்.

பதினேழாம் நாள் அலுவலகத்துப் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள்.

"அந்த ஆளையா நம்பறே? ஜனவரில மூணு நாள் ஏழாவது மாடி ஹெச்ஆர் ரூம்லயே உக்காந்திருந்தாரு. நானே பாத்தேன்."

அவள் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது. தங்கை சொன்னது சரியாகப் போயிற்றே...

மறுநாள் காபிக் கடையில் உட்காரக்கூட இல்லை. "ஜனவரில ஏழாவது மாடில என்ன வேலை உங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்தது. மறுக்கவில்லை. ஊழியர் பட்டியலில் ஒரு புதிய மதிப்பெண் போட்டுத் தரச் சொன்னார்களாம். யாருக்குப் புதுப் பயிற்சி தேவை என்று பார்க்கத்தான் என்றார்களாம். வயது என்ற பத்தியே அதில் இல்லை. படித்து முடித்த ஆண்டு இருந்தது. படித்து முடித்து எத்தனை ஆண்டு ஆனதோ, ஆண்டுக்கு ஒரு மதிப்பெண் குறையும். கணக்கை எழுதியது அவர்தான்.

"அந்தக் கணக்கு பட்டத்தோட வயச எண்ணல, ஆளோட வயசத்தான் எண்ணுதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். என் பேரும் அதுல வந்தப்புறம்தான் தோணுச்சு."

"இத முதல் நாளே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"அதுக்காக?"

அவள் வெளியேறினாள். குடை எடுத்து வரவில்லை, மழையில் நனைந்துகொண்டே நடந்தாள்.

இரண்டு நாள் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் இருந்தது. ஆனால் கணக்கு ஒன்று இடித்தது. அவர் நிறுவனத்து ஆள் என்றால், மாட்டிக்கொண்டதும் பொய் சொல்லியிருப்பாரே? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாரா? அதுசரி... நான் மட்டும் முதல் நாள் உண்மையா சொன்னேன்?

ஏப்ரல் ஏழு, கடைசி நாள். மூன்றரை மணிக்குத் தொழிலாளர் அலுவலகம் போனாள். மர பெஞ்சில் அவர் இருந்தார். மடியில் மனு. கேட்காமலே வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் அவருடைய வாக்குமூலம்: மேற்படி கணக்கை எழுதியவன் நான்.

அடுத்த பக்கம் பெயர்களும் வயதுகளும். கடைசி வரிசையில் அவள் பெயர். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"நான்தான் முப்பத்தொம்பதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவம்னும் சொன்னீங்க. பதினேழு வயசுல வேலைக்குச் சேந்தீங்களான்னு கேக்க மனசு வரல."

"அன்னிலேர்ந்தே தெரியுமா?"

"தெரியும். நீங்களா சொல்றப்போ எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

"இத யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றாள்.

அவர் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் ஒண்ணு சொல்லல. அன்னிக்கு அந்தக் கதவு இன்னும் கொஞ்ச நேரம் திறக்காம இருந்திருக்கலாம்னு தோணுச்சு... இப்பவும் தோணுது. உங்க கூடவே இருக்கணும் போல இருக்கு."

"நோட்டுல எழுதிக்கோங்க," என்றாள் அவள். ஆனால் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

மனு மாலை நான்கு இருபதுக்குப் பதிவானது. இருபத்தாறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜூலையில் உத்தரவு வந்தது. பதினொரு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவள் அதில் இருந்தாள், அவர் இல்லை. நவம்பரில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். படிவத்தில் வயது என்ற இடத்தில் அவள் நாற்பத்தொன்பது என்று எழுதினாள். ஆகஸ்டில் ஒரு வயது கூடியிருந்தது.