முள்ளும் கம்பளியும்

“இது என்னுது, நான் கொண்டு போறேன்...”

“கொண்டு போ, யாரு வேணாம்னா? ஒண்ணை மட்டும் வச்சு என்ன...”

“கையை எடு தனுஷிகா. எங்கம்மா திட்டும்.”

“எங்கம்மா மட்டும் முத்தமா குடுக்கும்?”

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்று லோஜினி ஒரு பக்கம் இழுத்தாள். தனுஷிகா மறுபக்கம் இழுத்தாள். ‘சளக்’ என்று இரண்டும் பிரிந்து வந்தன.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவர்கள் செய்தவை அவை. அட்டையில் இரண்டு பெரிய மூளைக் கலங்கள், மூளையில் இருக்கும் உயிரணுக்கள். ஆளுக்கு ஒன்று செய்து, கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். மஸ்கெலியா மூடுபனியில் அந்தப் பசை காயவே இல்லை.

“தலைவர் வீட்டுக்குக் கோழி கொண்டு போனது யாருன்னு லயத்துக்கே தெரியும்” என்றாள் தனுஷிகா.

“அது முனியாண்டிக்கு நேந்த கோழி.”

“முனியாண்டி தலைவர் வீட்டுலயா குடியிருக்காரு?”

லோஜினி தன் கலத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

போன மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. எல்லாரும் இடம் மாற வேண்டும் என்றார்கள். ஆனால் தோட்டத் தலைவர் கொடுத்த பட்டியலில் சில பேருக்குத்தான் புது வீடு வந்தது. லோஜினி வீட்டுக்கு வந்தது. பக்கத்து அறையில் இருந்த தனுஷிகா வீட்டுக்கு வரவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரே வெடிப்பு. இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும், அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்.

அன்றிலிருந்து இரண்டு அம்மாக்களும் பேசுவதில்லை.

மறுநாள் வகுப்பில் ஜீவராணி டீச்சர் கேட்டார்.

“மற்றது எங்கே?”

“லோஜினிகிட்ட, டீச்சர்.”

“லோஜினி எங்கே?”

“அந்தக் கடைசி வாங்குல.”

டீச்சர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பிறகு அட்டையில் அப்பியிருந்த பசையைச் சுரண்டிப் பார்த்தார்.

“மாவாலயா ஒட்டினீங்க? மூளைக்குள்ள கோதுமை மா இருந்தா ரொட்டிதான் சுடலாம்.”

வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கு மட்டும் சிரிக்கவில்லை.

“கலங்கள் அப்படி ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு இருக்காது. செய்தி போற இடத்துல, நடுவுல ரொம்பச் சின்ன இடைவெளி இருக்கும். இந்தக் கலத்து விளிம்புல ஒரு புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் கலத்து விளிம்புல அதுக்குப் பொருந்துற இன்னொண்ணு. ரெண்டும் நடுவுல கோத்துக்கும். ஒட்டுப் புரதம்னு அதுக்குப் பேரு. அது புடிச்சுக் குடுக்கிறதாலதான் அங்க செய்தி போக வழி ஒழுங்கா அமையுது.”

“ஒரு பக்கம் மட்டும் நீட்டினா, டீச்சர்?”

“சும்மா நீட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேந்து சரியாச் செஞ்சு வாங்க. ஒத்தைக் கலத்தை மேசையில வைக்க மாட்டேன்.”

அன்று சாயங்காலம் தனுஷிகாவின் அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த முள்காய்களைப் பிடுங்க உட்கார்ந்தாள்.

“சனியன், எப்படிப் புடிச்சிருக்கு பாரு.”

தனுஷிகா அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். கொழுந்து பறிக்கும்போது கட்டும் றப்பர் படங்கு அங்கே இருந்தது. அதில் ஒரு முள்ளும் இல்லை.

“படங்குல மட்டும் ஏம்மா ஒட்டல?”

“வழுவழுன்னு இருக்கு. அதுல எங்க புடிக்கும்? கம்பளின்னாத்தான் விடாது.”

“அம்மா, அதை வீசாதீங்க. எனக்கு வேணும்.”

“முள்ளா? உனக்கா?”

தனுஷிகா தன் கலத்தின் நுனியில் முள்காய்களை வரிசையாக ஒட்டினாள். இந்தத் தடவை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தாள். பிறகு தன் கம்பளித் தொப்பியை எடுத்து, உச்சியில் இருந்த சிவப்புக் குஞ்சத்தை அறுத்தாள்.

“ஏய், குளிருக்கு வாங்கிக் குடுத்ததுடி அது.”

“குஞ்சம் காதை மூடாதும்மா.”

லயத்துச் சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். பெட்டி மேல் ஏறி நின்று, அவள் குஞ்சத்தை அந்தப் பக்கம் போட்டாள்.

“லோஜினி, கம்பளி. உன் கலத்து நுனியில ஒட்டு.”

“என்னடி விழுந்துச்சு?” என்றது லோஜினியின் அம்மா சுதர்ஷினி அத்தையின் குரல்.

“எலிம்மா.”

“எலி பேசுமா?”

இந்தப் பக்கம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தனுஷிகா தன் கலத்தைக் கொண்டுவந்து மேசையோரம் நின்றாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். லோஜினி வந்தாள். அவள் கலத்தின் நுனியில் சிவப்புக் கம்பளி இருந்தது.

இருவரும் நுனிகளை அருகில் கொண்டுவந்தார்கள். முள் கம்பளியைப் பிடித்தது. டீச்சர் தூக்கி ஆட்டிப் பார்த்தார். விழவில்லை.

“என்ன இது, ரெண்டு பலாக்காயா?” என்று கேட்டான் கூடப் படிக்கும் நிரஞ்சன்.

“மூளைக் கலம்” என்றாள் லோஜினி. “உனக்குள்ளயும் இருக்காம்.”

“தேடித்தான் பாக்கணும்” என்றாள் தனுஷிகா.

லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாள் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் இருவரும் மாறி மாறி விளக்கம் சொன்னார்கள். ஒருவரையொருவர் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வெளியே ஒரு லொறி வந்து நின்றது. மேலே கட்டில், அலுமாரி, சட்டி பானை. முன்னால் லோஜினியின் அப்பா.

“இன்னைக்கேவா?” என்றாள் தனுஷிகா.

“ம். என்னோடதை எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே புது வீடு?”

“இல்ல, கீழ. பஸ்ஸுலதான் வரணும். தனித்தனி வீடு. சுவரெல்லாம் கூரை வரைக்கும் இருக்கு.”

லொறி ஹோர்ன் அடித்தது.

“மழை பெஞ்சு மறுபடி மண் சரிஞ்சா நீங்க எங்க போவீங்க?” லோஜினி தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“இங்கதான், ஸ்கூலுக்கு. எப்பவும் போறதுதானே.”

லோஜினி தன் கலத்தைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். ‘பர்ர்’ என்று பிரிந்தது. கம்பளியில் முள்காய் சில ஒட்டிக்கொண்டு போயின. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் லொறியைப் பார்த்து நடந்தாள்.

“லோஜினி, அந்தக் கம்பளியை மட்டும் பிச்சுப் போட்டுறாத.”